பிச்சாட்டூரை எங்கே தேடுவது? – ஆய்வாளர்களுக்கான தேசிய மின்வலையின் கதை

நம் சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். சோழர் கல்வெட்டு, பல்லவர் கோயில் என்று ஏதாவது தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டதோ நம் கண்ணெதிரே நடந்த ஒரு வரலாறு. நாடு முழுவதும் உள்ள ஆய்வாளர்கள் ஒரே வலையில் இணைந்து நூல்களையும் கருவிகளையும் பகிர்ந்துகொள்ள இந்தியா கட்டிய மின் கட்டமைப்பின் கதை அது. நூலகத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தக் கதையின் ஒரு மூலையில் நானும் நின்றிருக்கிறேன். பூர்வீகம் பிச்சாட்டூர்ப் பக்கம் என்பதால், அந்த ஊரில் நின்றுகொண்டே இதைச் சொல்லிப் பார்க்கலாம் என்று ஆசை.

ஓர் ஊர், பல முகவரி

பிச்சாட்டூர் பெரிய ஊர் ஒன்றும் இல்லை. ஊத்துக்கோட்டையிலிருந்து சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வழியாகத் திருப்பதிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள். அங்கே ஆரணியாற்றின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. ஆந்திரத்தில் தேங்குகிற அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, ஊத்துக்கோட்டையைக் கடந்து பழவேற்காட்டுப் பக்கம் கடலில் சேர்கிறது. மழைக்காலத்தில் பிச்சாட்டூரில் மதகைத் திறந்தால் ஊத்துக்கோட்டையில் பாலத்தைப் பார்க்க ஓடுவார்கள். ஆறு எல்லையைப் பார்ப்பதில்லை. காகிதம் பார்க்கும்.

1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. எல்லைத் தகராறு பட்டாஸ்கர் தீர்ப்பில் முடிந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதே நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களிலிருந்து பல கிராமங்களை எடுத்து, சத்தியவேடு என்று ஒரு புது வட்டம் ஆந்திரத்தில் அமைத்தார்கள். பிச்சாட்டூர் இன்று அந்தச் சத்தியவேடு சட்டமன்றத் தொகுதியில்தான் இருக்கிறது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம் தனியாகப் பிறந்து, இந்தப் பக்கமெல்லாம் அதில் சேர்ந்தது.

என் உறவில் ஒரு பெண், இந்த வட்டாரத்து ஏரிப் பாசனத்தைப் பற்றி ஆய்வேடு எழுதினாள். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "தாத்தா, நம்ம ஏரியை எந்த மாவட்டத்துல போய்த் தேடறது?" என்பதுதான். நியாயமான கேள்வி. எல்லை மாறிய கிராமம் என்றால் 1960க்கு முந்தைய செய்தி செங்கல்பட்டு மாவட்டத் தாள்களில் இருக்கும். பிறகு வந்தது சித்தூர் அலுவலகத்தில். இப்போது நடப்பது திருப்பதியில். பழைய வருவாய்த் தாள்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். பழைய புத்தகங்கள் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கலந்து கிடக்கும். ஒரே ஒரு மாநிலம் தன் மக்களுக்காக மட்டும் நூலகம் கட்டினால், எல்லையில் இருக்கிற ஊருக்குப் பாதிதான் கிடைக்கும். நாட்டுக்கு முழுவதும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று நான் நம்புவதற்கு இந்தப் பெண்ணின் கேள்வியே போதும்.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குக் 'கடைமடை' என்ற சொல் தெரியும். கால்வாயின் கடைசியில் இருக்கிற நிலம். ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பெரியவர்கள் அளந்து பார்க்க மாட்டார்கள். "கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள். இந்தக் கட்டுரையிலும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே போவோம்.

தபாலில் வந்த அறிவு

கம்ப்யூட்டருக்கு முன்னாலும் பகிர்வு இருந்தது. 1952இல் யுனெஸ்கோ உதவியோடு டில்லியில் 'இன்ஸ்டாக்' என்ற அறிவியல் ஆவண மையம் தொடங்கினார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் ஓர் அறிவியல் இதழ் இல்லை என்றால், இன்ஸ்டாக்குக்கு எழுதிப்போட்டு, அது எந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, கட்டணம் அனுப்பி, நகல் வாங்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தப் படிவங்களை நிரப்புவதே ஒரு பெரிய வேலை. பேராசிரியர்கள் தினமும் வந்து, "வந்துதாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நகல் வந்து சேர்வதற்குள் சிலருக்கு அந்த ஆராய்ச்சியிலேயே ஆர்வம் போயிருக்கும்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எந்த நூல் எங்கே இருக்கிறது என்கிற பட்டியலும், ஒருவர் வைத்திருப்பதை மற்றவருக்குத் தரும் வழக்கமும் அந்தத் தபால் காலத்திலேயே உருவாகிவிட்டன. பின்னால் வந்த மின்வலை, ஏற்கெனவே வெட்டிய அந்தக் கால்வாயில்தான் ஓடியது.

எட்டு நிறுவனங்கள், ஒரு வலை

1984இல் பிரிட்டன் தன் பல்கலைக்கழகங்களை 'ஜானெட்' என்ற வலையால் இணைத்தது. அமெரிக்காவில் அந்த வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. இந்தியா 1986இல் தொடங்கியது. மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து பணம் போட்டன. திட்டத்தின் பெயர் 'எர்நெட்', அதாவது கல்வி மற்றும் ஆய்வு வலையமைப்பு. பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், டில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், டில்லியில் மின்னணுவியல் துறை, இந்த எட்டுதான் முதல் உறுப்பினர்கள். பம்பாய் மையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஸ்ரீனிவாசன் ரமணி. 2014இல் இணையப் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

1987இல் பம்பாயில் அந்த மையத்துக்கும் ஐ.ஐ.டி.க்கும் இடையே தொலைபேசி வழியாக மின்னஞ்சல் போனது. பிறகு குத்தகைக் கம்பிகள் வந்தன. 1992 வாக்கில் ஐ.ஐ.டி.களும் அறிவியல் கழகமும் விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் இணைந்திருந்தன. அந்த வேகம் எவ்வளவு என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இன்று நம் கைப்பேசியில் எடுக்கிற ஒரு படம் மூன்று மெகாபைட் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே படம் சென்னையிலிருந்து பம்பாய் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும். ஆனாலும் அதற்கு முன்னால் வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது பெரிய வரம்.

பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகாம் வழியாக. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆய்வாளர்கள் அந்தப் பாதையில் நடந்து பழகிவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பாதை போட்டது அரசுப் பணம். பின்னால் அதில் வியாபாரம் வந்தது. ஆனால் எட்டு நிறுவனங்களில் ஒன்றுகூட ஒரு சாதாரண மாநிலப் பல்கலைக்கழகம் இல்லை. திருப்பதியில் 1954 முதல் நடக்கும் ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழகம் போன்றவை வரிசையில் நின்றன. ஏரி நிரம்பியது, கால்வாய் இன்னும் வெட்டவில்லை.

புணேயில் தொடங்கிய நூலக இணைப்பு

அந்தக் கால்வாயை வெட்ட முன்வந்தது பல்கலைக்கழக மானியக் குழு. 1991இல், நாட்டிலுள்ள பல்கலைக்கழக நூலகங்களை இணைக்க 'இன்ஃப்ளிப்நெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் அது புணேயில் உள்ள வானியல் மையமான 'அயூக்கா'வின் கீழ் ஒரு திட்டமாக இருந்தது. பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக ஒரு மையம் என்ற ஏற்பாட்டில் உருவானது அயூக்கா. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு தொலைநோக்கி வாங்க முடியாது, எல்லாரும் சேர்ந்தால் ஒன்று வாங்கலாம். அதே நியாயத்தை நூலகத்துக்குப் பொருத்தினார்கள். 1996இல் இன்ஃப்ளிப்நெட் தனி மையமாகி ஆமதாபாத்தில் நிலைபெற்றது. இப்போது காந்திநகரில் இருக்கிறது.

அவர்கள் முதலில் கையில் எடுத்தது கவர்ச்சியில்லாத வேலை. எந்த நூலகத்தில் என்ன இருக்கிறது என்று பொதுப் பட்டியல் தயாரித்தார்கள். எங்கள் நூலகத்திலும் அட்டைகளைப் பார்த்துப் பார்த்து இளைஞர்கள் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார்கள். "சார், இதுல என்ன சார் இருக்கு, டேட்டா என்ட்ரிதானே?" என்பார்கள். அந்த டேட்டா என்ட்ரிதான் அஸ்திவாரம்.

2002இல் பல்கலைக்கழகங்களுக்கென்று தனி வலை, எர்நெட்டோடு சேர்ந்து தொடங்கியது. 2004 முதல் வெளிநாட்டு ஆய்விதழ்களை மின்வடிவில் கூட்டாக வாங்கிப் பகிர்ந்தார்கள். 2009இல் மானியக் குழு ஒரு விதி போட்டது: முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் கொடுக்க வேண்டும். அவற்றைச் சேர்த்துவைக்கும் இடத்துக்கு 'ஷோத்கங்கா' என்று பெயர். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இப்போது அதில் உள்ளன. தமிழில் எழுதிய ஆய்வேடுகளும் ஏராளம். முன்பெல்லாம் ஒருவர் ஐந்தாண்டு உழைத்து எழுதிய ஆய்வேடு, பல்கலைக்கழக அலமாரியில் கறுப்பு அட்டையோடு தூங்கும். இரண்டு ஊர் தள்ளி அதே தலைப்பில் இன்னொருவர் உழைத்துக்கொண்டிருப்பார். இப்போது வீட்டிலிருந்தே திறந்து படிக்கலாம். காசு கிடையாது.

காடங்கியில் ஒரு பொதுக் கருவி

நூல்கள் மட்டுமே ஆய்வு இல்லை. இதற்கும் எங்கள் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் காடங்கி என்று ஒரு சிற்றூர். மலை சூழ்ந்த இடம். அங்கே 1992இல் ஒரு தேசிய ரேடார் நிலையம் அமைத்தார்கள். 130 மீட்டர் சதுரத்தில் 1,024 அலைவாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. தூரத்தில் இருந்து பார்த்தால் வேலிக்கால் நட்டது போல் இருக்கும். தலைக்கு மேலே பல பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் காற்று எப்படி நகர்கிறது என்பதை அது அளக்கிறது. 2005இல் அந்த நிலையத்துக்குத் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் என்று பெயர் மாற்றினார்கள்.

நான் இதை இங்கே சொல்லக் காரணம், அந்த ரேடார் எந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கும் சொந்தமில்லை. விண்வெளித் துறையின் கீழ் உள்ள பொதுக் கருவி. நாட்டின் எந்தப் பக்கத்து ஆய்வாளரும் கேட்டு அனுமதி பெற்றுப் பயன்படுத்தலாம் என்பதுதான் அடிப்படை. பருவமழையைப் பற்றிய எத்தனையோ ஆராய்ச்சிக்கு எங்கள் சித்தூர்ச் சீமையின் வானம்தான் கச்சாப்பொருள். இப்படி ஒரு கருவி அளந்து குவிக்கிற எண்களைத் தொலைதூரத்து மாணவனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நல்ல வலை வேண்டும். கருவி ஒரு கண் என்றால், அந்த வலைதான் மறு கண்.

சித்தூர் மாவட்டத்துக்காரர் கண்ட கனவு

இனி நம் கதையின் நாயகருக்கு வருவோம். 1937இல் அன்றைய சித்தூர் மாவட்டத்துக் காட்டூர் கிராமத்தில் பிறந்தவர் ராஜ் ரெட்டி. சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியா போய், அங்கிருந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் 1966இல் முனைவர் ஆனார். கம்ப்யூட்டருக்கு மனிதப் பேச்சைப் புரியவைக்கும் ஆராய்ச்சியின் முன்னோடி. 1994இல் டூரிங் விருதை எட்வர்ட் ஃபைகன்பாமோடு பகிர்ந்துகொண்டார். கணினித் துறையின் நோபல் என்று அதைச் சொல்வார்கள். ஆசியாவில் பிறந்த ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

அவர் வேலை பார்த்த கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து எழுந்ததுதான் 'பத்து லட்சம் நூல்' திட்டம். உலகத்து நூல்களை வருடி, யாரும் எங்கிருந்தும் இலவசமாகப் படிக்க வைப்பது நோக்கம். அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் கருவிகளுக்குப் பணம் தந்தது. இந்தியா, சீனா, எகிப்து நாடுகள் ஆளும் உழைப்பும் தந்தன. இந்தியப் பங்குக்குப் பெயர் 'இந்திய மின்னூலகம்'. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ந. பாலகிருஷ்ணன் இங்கே பொறுப்பேற்றார். 2003 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். நூல்களின் முகவரியே எர்நெட்டில்தான் இருந்தது. ஆய்வாளர்களுக்காக 1986இல் போட்ட பாதையில், பொதுமக்களுக்கான நூலகம் ஓடியது.

நாடெங்கும் வருடும் மையங்கள் வைத்தார்கள். திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஒரு மையம். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம், தஞ்சை சாஸ்திரா போன்ற இடங்களிலும் நடந்தது. தேவஸ்தானம் இதில் சேர்ந்தது பொருத்தமே. திருமலைக் கோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்து 1930களில் தொகுதி தொகுதியாக அச்சிட்ட நிறுவனம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ். அதாவது ஆந்திரத்தில் இருக்கிற ஒரு மலையின் வரலாற்றைப் படிக்கத் தமிழ் வேண்டும், அந்தத் தொகுதிகளைப் படிக்க ஆங்கிலமும் தெலுங்கும் கைகொடுக்கும். மொழிவாரி மாநிலம் வரலாம், மொழிவாரி வரலாறு எழுத முடியாது.

இந்திய மின்னூலகத்தில் லட்சக்கணக்கில் நூல்கள் சேர்ந்தன. என் உறவுப் பெண் தேடிய செங்கல்பட்டு மாவட்டக் கையேடு, குரோல் என்ற அதிகாரி எழுதி 1879இல் வெளிவந்தது. அசல் நூலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு காலத்தில் சென்னை கன்னிமரா போன்ற நூலகத்துக்குப் போய், சிபாரிசுக் கடிதம் காட்டி, ஒரு மேஜையில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். அவளோ சோறு வடித்துக்கொண்டே கைப்பேசியில் அதைப் புரட்டினாள். இதைவிட ஒரு நூலகனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் கதையில் ஒரு திருப்பம். வருடிய நூல்களில் பதிப்புரிமை முடியாதவையும் கலந்திருந்தன. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை உண்டு. சிக்கல் எழுந்தது. 2017 வாக்கில் அந்தத் தளம் மக்கள் பார்வையிலிருந்து இறங்கிவிட்டது. பதினைந்து ஆண்டு உழைப்பு ஒரே நாளில் இருட்டாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அமெரிக்காவின் கார்ல் மலாமுட் என்ற பொதுத்தகவல் ஆர்வலர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைப் படியெடுத்து, சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றி வைத்திருந்தார். அதனால்தான் இன்றும் அந்தப் பக்கங்களை நாம் பார்க்கிறோம்.

இங்கேதான் பாடம் இருக்கிறது. நம் முன்னோர் ஓலைச்சுவடியை ஒரே வீட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவில்லை. பழசு செல்லரிக்கும் முன் புது ஓலையில் படியெடுத்தார்கள், பிள்ளைகளுக்கும் மடங்களுக்கும் கொடுத்தார்கள். பல இடத்தில் இருந்ததால் பிழைத்தது. ஒரே இடத்தில் இருந்தது கறையானுக்குப் போனது. மின்னூலகத்துக்கும் அதே விதிதான். கட்டுவது ஒரு வேலை, பல கைகளில் வைத்துக் காப்பது இன்னொரு வேலை. உரிமை விஷயத்தில் முதலிலேயே ஒழுங்காக இருப்பது மூன்றாவது வேலை. தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற நல்ல வழக்கம் இருக்கிறது. பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இலேயே வாங்கியது. அப்படிப் பொதுவாக்கிய நூல்களை மின்வலையில் வைப்பதற்கு யாரும் வழக்கு போட முடியாது.

பத்து லட்சம் மடங்கு

அடுத்த பெரிய அடி 2010 மார்ச்சில். சுமார் 5,990 கோடி ரூபாய்ச் செலவில் 'தேசிய அறிவு வலையமைப்பு' அமைக்க மத்திய அமைச்சரவை அனுமதி தந்தது. அதற்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் அணு விஞ்ஞானி ஆர். சிதம்பரம். சென்னையில் பிறந்தவர், அன்று மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர். 2025 ஜனவரியில் காலமானார். தொழில்நுட்ப வடிவமைப்பில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் எஸ்.வி. ராகவனுக்குப் பெரும் பங்கு உண்டு. தேசியத் தகவலியல் மையம் கட்டி முடித்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் இணைந்தன. முதுகெலும்புப் பாதையின் வேகம் விநாடிக்கு பத்து ஜிகாபிட் என்று தொடங்கியது. 1992இன் கம்பியோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் மடங்கு. நாற்பது நிமிடப் படம் இப்போது கண் சிமிட்டும் முன் போய்விடும்.

2015இல் திருப்பதிக்கு ஐ.ஐ.டி.யும், இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனமும் வந்தன. 2018 ஜூனில் கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் இந்திய தேசிய மின்னூலகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அனுமதி பெற்றது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை மத்திய அரசே மொத்தமாக வாங்கி, 6,300க்கும் மேற்பட்ட அரசு கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய ஆய்வு நிறுவனங்களுக்கும் தருகிறது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. பொறுப்பு அதே இன்ஃப்ளிப்நெட்டுக்கு. முன்பு பெரிய ஐ.ஐ.டி.யில் மட்டும் திறக்கிற இதழ், சின்ன ஊர் அரசுக் கல்லூரியிலும் திறக்கிறது. டேட்டா என்ட்ரி என்று அலுத்துக்கொண்ட அந்த இளைஞர்களை நினைத்துக்கொண்டேன்.

கடைமடைக்கு வந்ததா?

வந்திருக்கிறது, முழுசாக வரவில்லை. ஒரே நாடு ஒரே சந்தா அரசு நிறுவனங்களுக்கு. தனியார் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கும், எந்தக் கல்லூரியிலும் இல்லாமல் ஆர்வத்தால் ஊர் வரலாறு எழுதுகிற வாத்தியாருக்கும் அந்தக் கதவு இல்லை. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குகிற அந்த இதழ்களும் பெரும்பாலும் ஆங்கிலம். ஏரியைப் பற்றி ஒரு தமிழ் இதழிலோ தெலுங்கு இதழிலோ அறுபது ஆண்டுக்கு முன் வந்த கட்டுரை அதில் கிடைக்காது.

அதைவிட எனக்கு உறுத்துவது பெயர்ச் சிக்கல். பிச்சாட்டூரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஒரு 'டி' போடுகிறார், ஒருவர் இரண்டு போடுகிறார். ஒருவர் 'சி'க்கு முன்னால் ஒரு 'டி' சேர்க்கிறார். தெலுங்குக்காரர் கடைசியில் ஓர் உகரம் வைக்கிறார். இந்திய மின்னூலகத்தில் தமிழ் நூல்களின் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் தட்டியிருந்தார்கள். ழகரத்துக்கு ஒருவர் 'இசட்', இன்னொருவர் 'எல்'. ஆசிரியர் பெயர் தலைப்பில், தலைப்பு ஆசிரியர் பெயரில். பக்கங்களும் வெறும் படங்களாக இருந்ததால் உள்ளே தேட வழியில்லை. நூல் இருக்கும், கிடைக்காது. தண்ணீர் கால்வாயில் ஓடும், வயலுக்குள் இறங்காது. அந்தப் பெண் குரோலின் கையேட்டைக் கண்டுபிடித்தது ஆங்கிலத் தலைப்பு என்பதால். இதே பக்கத்து ஸ்தல புராணம் ஒன்றைத் தேட அவளுக்கு ஒரு வாரம் ஆனது. ஒன்பது விதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தோம்.

குடிமராமத்து

ஏரியைக் கட்டுவது அரசன். கரையைப் பார்த்துக்கொள்வதும் தூர் வாருவதும் ஊர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மின்வலைக்கும் அந்த வழக்கம் தேவை என்பதற்குத் தமிழர்களே நல்ல முன்மாதிரி. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் ஸ்விட்சர்லாந்தில் இருந்துகொண்டு 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, சங்க இலக்கியத்திலிருந்து தொடங்கி நூற்றுக்கணக்கான நூல்களை இலவசமாக வைத்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரே மனிதராகச் சேர்த்த நூல்கள், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. 2005 முதல் ஈழத்து நண்பர்கள் 'நூலகம்' என்ற பெயரில் இலங்கைத் தமிழ் வெளியீடுகளைக் காத்துவருகிறார்கள். யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981இல் எரிந்ததைப் பார்த்த சமூகத்துக்கு, ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பதன் ஆபத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் வெளிமாநிலத்தில் வாழ்கிறோம். யோசித்துப் பார்த்தால் நம் நிலையும் பிச்சாட்டூர் நிலைதான். நாம் இந்த ஊரில் கட்டிய பள்ளி, நடத்திய நாடகம், தொடங்கிய சங்கம், இவற்றின் வரலாறு தமிழ்நாட்டு நூலகத்தில் இருக்காது, அது வெளியூர்ச் சமாச்சாரம். இந்த மாநில நூலகத்திலும் இருக்காது, அது தமிழில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பகங்கள் நூல்களைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமராவுக்கும் அனுப்ப வேண்டும். சங்க மலர்களை அப்படி யார் அனுப்புகிறார்கள்? விழா முடிந்ததும் வீட்டுக்கு ஒன்று போகும், மீதி செயலாளர் வீட்டுப் பரணில் ஏறும். நாளைக்கு நம் பேரப்பிள்ளை ஒருத்தி, "எங்க தாத்தா எப்படி இந்த ஊருக்கு வந்தார்?" என்று ஆய்வு செய்ய உட்கார்ந்தால், ஐயாயிரம் கோடி வலையும் ஆறாயிரம் கோடிச் சந்தாவும் அவளுக்கு ஒரு பக்கம்கூடக் காட்டாது.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இதுவரை வந்த நம் மலர்களில் யாரிடம் எந்த ஆண்டு இதழ் இருக்கிறது என்று இந்த ஆண்டே ஒரு பட்டியல் எடுப்போம். ஒவ்வொன்றையும் வருடி, கட்டுரை எழுதியவர்களின் சம்மதம் கேட்டு, இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி, ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு பிரதி, தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கு ஒரு பிரதி என்று மூன்று இடத்தில் வைப்போம். தலைப்பைத் தமிழ் எழுத்திலும் எழுதுவோம், ஆங்கில எழுத்திலும் எழுதுவோம். ஊர்ப் பெயர் வந்தால் வழங்குகிற எல்லா எழுத்துக்கூட்டலையும் பக்கத்தில் போடுவோம். பழைய தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்களும், கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் முடிகிற வேலை. பட்டியல் எடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். பரணில் இருப்பதை இறக்கிக் கொடுங்கள்.